நலத்தின் முதல் நாடிய ஆய்வு



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருள் உண்டு. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் இறுதிக் குறள் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது. மந்தையே உடைமையாக இருந்த முல்லை நிலத்து வாழ்வின் சுவடு அச்சொல்லில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டிடமிருந்து தமிழ் பெற்ற மற்றொரு சொல் அசைபோடுதல். ஆவும் ஆடும் தின்றதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுவதைக் குறிக்கும் அச்சொல், கற்றதை மீண்டும் எண்ணிப் பார்ப்பதையும் குறிக்கும். செல்வத்துக்கும் சிந்தனைக்கும் கால்நடையிடமிருந்து சொல் பெற்ற ஒரு மொழியின் மன்றத்தில், கால்நடையின் இரைப்பைக்குள் விடை தேடிய ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது பொருந்தாததன்று.

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் ஆஸ்திரேலிய நாட்டின் ரேமண்ட் ஜோன்ஸ். அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றியவர். அவருடைய துறை வெப்பமண்டல மேய்ச்சல்நிலம். எந்தப் புல்லை எந்த மண்ணில் வளர்த்தால் எந்த விலங்கு எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவதே அவரது அன்றாடப் பணி. அவருடைய பெயர் இன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிருக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதன்பின் அவருடைய முடிவுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இவ்வுரையின் பொருள்.

அமுதமும் நஞ்சும்

ஒரு மரத்திலிருந்து தொடங்க வேண்டும். தமிழகத்தில் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் வழங்கப்படுவதும், இலங்கையில் இப்பில் இப்பில் என்று அறியப்படுவதும் அம்மரமே. வரப்போரத்திலும் வேலியோரத்திலும் வளர்ந்து, சிறு சிறு இலைகளும் வெண்பந்து போன்ற பூக்களும் தட்டையான காய்களுமாகக் காட்சி தருவது. ஆடு வளர்ப்போர் அதன் கிளைகளைக் கழித்துக் கட்டாகக் கட்டிக்கொண்டு போவது ஊர்ப்புறங்களில் காணக்கூடிய காட்சி.

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். மெக்சிகோவில் வகாக்கா என்றொரு மாநிலம் உண்டு. அப்பெயர் இம்மர வகையைக் குறிக்கும் பழங்குடிச் சொல்லிலிருந்து பிறந்தது. இசுபானியர்களின் கப்பல்களில் பிலிப்பைன்சுக்குச் சென்ற மரம், பின்னர் வெப்பமண்டலம் முழுவதும் பரவியது. 1977-இல் அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் கழகம் இம்மரத்துக்கென்றே தனி நூல் ஒன்றை வெளியிட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பது, வெட்ட வெட்டத் துளிர்ப்பது, விறகாவது, தீவனமாவது என அதன் பயன்கள் பேசப்பட்டன. அதன் இலையின் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கோடையில் புல் காய்ந்து வெறும் நாராகிவிடும் நாடுகளில், ஆழ வேரோடிப் பசுமை காக்கும் ஒரு மரம் இத்தனை புரதம் தருமானால், அதனை அமுதம் என்று கருதியதில் வியப்பில்லை.

அந்த அமுதத்துக்குள் நஞ்சும் இருந்தது. மிமோசின் என்பது அதன் பெயர். அமினோ அமிலங்களுள் ஒன்றாயினும் புரதம் ஆகாதது. தொட்டாற்சிணுங்கிச் செடியிலிருந்து 1936-இல் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டமையால், அச்செடியின் பேரினப் பெயரான மிமோசா என்பதையொட்டி அப்பெயர் பெற்றது. சவுண்டலின் இளந்தளிரில் இது மிகுதி. முதிர்ந்த இலையில் குறைவு. குதிரை இதனைத் தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். பன்றிக்கும் முயலுக்கும் கேடு விளையும். பழக்கப்படாத செம்மறி ஆடு மிகுதியாகத் தின்றால் அதன் உடல் உரோமம் கொத்துக் கொத்தாகக் கழன்றுவிடும். கத்தரிக்கோல் இன்றியே ஆட்டின் உரோமத்தைக் களைய இந்நஞ்சைப் பயன்படுத்தலாமா என்றுகூட ஆஸ்திரேலியர் ஆராய்ந்ததுண்டு.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்ணையாளர்கள் கண்டது வேறொரு கேடு. மாடுகள் விரும்பித் தின்றன, சில வாரங்கள் நன்கு தேறின, பிறகு தேக்கமுற்றன. வாயில் எச்சில் வடிந்தது, வாலின் மயிர் உதிர்ந்தது, பசி குன்றியது, சில கன்றுகள் கழுத்தில் கழலையோடு பிறந்தன. எடை ஏற வேண்டிய காலத்தில் எடை நின்றது. நிலத்தைத் திருத்தி, விதை வாங்கி, மரம் வளர ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உழைப்பு அவ்வளவும் வீணாகுமோ என்ற கவலை எழுந்தது.

இரைப்பைக்குள் ஓர் உலகம்

இக்கேட்டின் இயல்பை அறிய, அசைபோடும் விலங்கின் வயிற்றைச் சிறிது அறிதல் வேண்டும். பசுவின் வயிறு நான்கு அறைகளால் ஆனது. அவற்றுள் பெரியதான முதல் இரைப்பை, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். வைக்கோலையும் புல்லையும் செரிக்கும் ஆற்றல் உண்மையில் பசுவுக்கு இல்லை. அந்த அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கே அந்த ஆற்றல் உண்டு. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஆயிரம் கோடி அளவுக்கு அவை வாழ்கின்றன. காற்றுப் புகாத அந்த இருளில் அவை நாரை உடைத்து, பசுவுக்கு ஆற்றல் தரும் அமிலங்களாக மாற்றுகின்றன. பின்னர்த் தாமே அடுத்த அறைகளுக்குள் சென்று செரிக்கப்பட்டு, பசுவுக்குப் புரதமும் ஆகின்றன. காற்றுப் பட்டாலே மாயும் இவ்வுயிர்களை வளர்த்து ஆராயும் முறையை வகுத்தவர் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட். 1966-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

பிறந்த கன்றின் வயிற்றில் இந்நுண்ணுயிர்கள் இரா. தாய் நக்கும்போதும், மந்தையோடு கூடி மேயும்போதும், ஒரே தொட்டியில் நீர் அருந்தும்போதும் அவை கன்றின் வயிற்றுக்குள் புகுந்து குடியேறுகின்றன. அசைபோடும் விலங்கு தன் தாயிடமிருந்து உடலைப் பெறுவது போலவே, தன் மந்தையிடமிருந்து வயிற்றுக் குடிகளைப் பெறுகிறது. பின்னர் வரும் செய்திகளுக்கு இவ்வுண்மையே அடித்தளம்.

மிமோசின் இந்த முதல் இரைப்பைக்குள் புகுந்தவுடன் அப்படியே இருப்பதில்லை. நுண்ணுயிர்கள் அதனை உடைத்து, டி.எச்.பி. என்று சுருக்கமாக வழங்கப்படும் வேறொரு பொருளாக்குகின்றன. ஹெகார்ட்டியும் அவருடன் பணியாற்றியோரும் 1964-இலேயே செம்மறி ஆடுகளை வைத்து இவ்வழியை ஆராய்ந்தனர். 1976-இல் அவர்கள் மேலும் ஓர் உண்மையை நிறுவினர். நஞ்சு அவ்விடத்தில் முறிவதில்லை, வடிவம் மாறுகிறது. மயிரை உதிர்க்கும் நஞ்சு, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நஞ்சாகிறது. சுரப்பி தன் இயக்குநீரைச் சுரக்க இயலாமல் தவித்து வீங்குகிறது. அதே ஆண்டில், சவுண்டல் மேய்ந்த மாடுகளின் தைராய்டு வீக்கத்தைப் பற்றி ஜோன்சும் பிளன்ட், ஹோம்ஸ் என்னும் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளியாயிற்று.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. நோய்க்குக் காரணமும் தெரிந்துவிட்டது. ஆயினும் தீர்வு தெரியவில்லை. நஞ்சு குறைந்த மரவகையைக் கலப்பினத்தால் உருவாக்க முயன்றனர். நஞ்சு குறைந்தபோது செடியின் வீரியமும் குறைந்தது. புல்லோடு கலந்து சிறிதளவே கொடுக்கலாம் என்றனர். மேய்ச்சல்நிலத்தில் தானே மேயும் மாட்டுக்கு அளவு சொல்பவர் யார்?

வினா திசை மாறியது

இந்நிலையில் ஜோன்சின் கருத்தை ஈர்த்தது ஹவாய்த் தீவு. பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள அத்தீவுகளில் சவுண்டல் பல தலைமுறைகளாகக் காடுபோல் மண்டிக் கிடந்தது. அங்கே ஆடுகளும் மாடுகளும் அதனைத் தடையின்றித் தின்றன. வேறு தீவனமே இல்லாமல் அதனை மட்டும் தின்ற ஆடுகளும் இருந்தன. எச்சில் வடியவில்லை, மயிர் உதிரவில்லை, கழலை இல்லை.

அங்குள்ள ஆடுகள் நலமாக இருப்பதை ஹவாய் மக்கள் நெடுங்காலமாகப் பார்த்தே வந்தனர். நலமாக இருப்பது செய்தியாவதில்லை, நோயே செய்தியாகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து தீர்க்கும் வழியை மருத்துவனுக்கு உரைக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதுவரை நடந்த ஆராய்ச்சி அவ்வழியிலேயே நோயின் முதலை நாடிச் சென்றது. ஜோன்ஸ் நலத்தின் முதலை நாடினார். ஆஸ்திரேலிய மாடு ஏன் நோயுறுகிறது என்ற வினா, ஹவாய் ஆடு ஏன் நோயுறவில்லை என்ற வினாவாக மாறியது. இவ்வொரு திருப்பத்தில்தான் இந்த ஆராய்ச்சியின் பெருமை அடங்கியிருக்கிறது.

வேறுபாட்டுக்கு மூன்று வகையில் காரணம் இருக்கலாம். மரம் வேறாக இருக்கலாம்; விலங்கு வேறாக இருக்கலாம்; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இரைப்பைக் குடிகள் வேறாக இருக்கலாம். 1981-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் ஜோன்ஸ் எழுதிய கட்டுரை, ஹவாயில் இந்நஞ்சின் கேடு காணப்படாமைக்கு முதல் இரைப்பையில் நிகழும் மாற்றம் காரணமாகுமா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது. முடிவை முன்னே நிறுத்தாமல் வினாவை முன்னே நிறுத்திய தலைப்பு அது.

வினாவுக்கு விடை காண அவர் நாடிய சான்று எளியது: ஆட்டின் சிறுநீர். டி.எச்.பி. இரைப்பையிலேயே அழிந்துபோகுமானால் சிறுநீரில் அது மிகுதியாக வெளிவராது, அழியாவிடில் வெளிவரும். மெகாரிட்டி என்பாரோடு சேர்ந்து ஜோன்ஸ் 1983-இல் வெளியிட்ட ஒப்பாய்வு, இருநாட்டு ஆடுகளின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. சவுண்டல் தின்ற ஆஸ்திரேலிய ஆடுகள் அப்பொருளை மிகுதியாகக் கழித்தன. தைராய்டு இயக்குநீர் குன்றி, தீனியை வெறுத்தன. ஹவாய் ஆடுகளோ அதனை மிகச் சிறிதே கழித்தன, நன்றாகத் தின்றன.

எனினும் ஒப்பாய்வு ஓர் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்காது. ஆட்டை மாற்றாமல், மரத்தை மாற்றாமல், வயிற்றுக் குடிகளை மட்டும் மாற்றிப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

உறைமோர்

பாலைத் தயிராக்க விரும்பும் தமிழ்ப் பெண் அடுத்த வீட்டுக்குச் சென்று ஒரு கரண்டி உறைமோர் வாங்கி வருவது பழைய வழக்கம். அந்த ஒரு கரண்டி மோரில் அவ்வீட்டு நுண்ணுயிர்க் குடும்பம் முழுவதும் இருக்கிறது. குடம் பாலும் அதன் இயல்பைப் பெற்றுவிடுகிறது. ஜோன்ஸ் செய்ய முனைந்ததும் ஏறத்தாழ இதுவே. நலமுள்ள ஆட்டின் இரைப்பை நீரில் சிறிதளவை எடுத்து, நலமற்ற விலங்கின் இரைப்பைக்குள் உறையாக ஊற்றிப் பார்ப்பது.

அடுத்த வீட்டுக்குப் போவது போல ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போய்வர இயலாது. கால்நடை நோய்கள் வெளியிலிருந்து நுழையாதபடி கடுமையான காவல் வைத்திருக்கும் நாடு ஆஸ்திரேலியா. பிறநாட்டு ஆட்டின் இரைப்பை நீர் என்பது எத்தனையோ அறியப்படாத உயிர்களின் கலவை. நலந்தரும் உயிர் ஒன்றைத் தேடி, நோய்தரும் உயிர் ஒன்றை அழைத்து வந்துவிடலாகாது. ஆகவே காற்றுப் புகாத முறையில் அவ்வுயிர்களை வளர்த்து, நோய்த்தடுப்புக் காவலின் விதிகளுக்கு உட்பட்டே அவற்றை டவுன்ஸ்வில் நகரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதற்கிடையில், 1984-இல், ஜோன்சும் லௌரி என்பாரும் சேர்ந்து மற்றொரு செய்தியை வெளியிட்டனர். இந்தோனேசிய ஆடு ஒன்றின் இரைப்பை நீரைப் பெற்ற ஆஸ்திரேலிய ஆடுகள், அதுவரை தமக்கில்லாத நஞ்சை முறிக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டன. ஆடு மாறவில்லை, மரம் மாறவில்லை, மாறியது வயிற்றுக் குடி ஒன்றே. 1986-இல் ஜோன்சும் மெகாரிட்டியும் ஹவாய் ஆடுகளின் நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய விலங்குகளுக்கு மாற்றி வெற்றி கண்டதை அறிவித்தனர். விலங்குகளின் சிறுநீரில் டி.எச்.பி. குறைந்தது, தீனி மீண்டது.

இனி வயலில் நிறுவ வேண்டியதே எஞ்சியிருந்தது. உறை பெற்ற மாடுகள், பெறாத மாடுகளைக் காட்டிலும் எடை கூடியதைக் குவிர்க்கும் ஜோன்ஸ் முதலியோரும் 1988-இல் எழுதினர். ஒரே நிலத்தில் கூடி மேய்ந்தபோது, உறை ஊற்றப்படாத மாடுகளுக்கும் அவ்வுயிர்கள் தாமே பரவின. மந்தையில் சிலவற்றுக்கு ஊற்றினால் போதும். மற்றவை கூட்டுறவால் பெற்றுக்கொள்ளும். கன்று தாயிடமிருந்து பெறும் அதே வழியில், ஒரு கண்டத்தின் மந்தைகள் மற்றொரு தீவின் ஆடுகளிடமிருந்து தமக்கில்லாத ஆற்றலைப் பெற்றன.

ஏன் ஆஸ்திரேலியாவில் இக்குறை நேர்ந்தது என்று எண்ணினால் ஒரு விளக்கம் தோன்றும். சவுண்டல் அந்நாட்டுக்கு விதையாக வந்தது. விதையோடு அதனைத் தின்று பழகிய விலங்குகள் வரவில்லை. மாடுகளும் ஆடுகளும் வேறு திசைகளிலிருந்து, வேறு புல் தின்று பழகிய வயிற்றோடு வந்தன. மரத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய், மரத்தோடு ஒட்டிய வாழ்வை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகக் கருதப்பட்டது.

பெயர் சூட்டு

நஞ்சை முறிக்கும் உயிர் எது என்பது இன்னும் தெரியாதிருந்தது. அதனைத் தனியே பிரித்தெடுக்கும் பணியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரிலுள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வு மையத்தின் மில்ட்டன் அலிசன் ஈடுபட்டார். 1992-இல் அவரும் உடனுழைத்தோரும் ஹவாய் ஆட்டின் இரைப்பையிலிருந்து பெற்ற அந்நுண்ணுயிரை விவரித்து, புதிய பேரினமாகவும் புதிய இனமாகவும் அறிவித்தனர். சர்க்கரையும் மாவும் அதற்கு உணவல்ல. ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்களும், பிற உயிருக்குக் கேடாகும் டி.எச்.பி.யும் அதற்கு உணவு. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் சினர்ஜிஸ்டீஸ் ஜோன்சியை. முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் உடனுழைப்பவன் என்பது பொருள். இரண்டாம் சொல் ஜோன்சின் பெயர். தன்னந்தனியே எதையும் சாதிக்காமல், பலவற்றோடு கூடி ஒரு விலங்கைக் காக்கும் உயிருக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

அவ்வுயிர் பிற எந்தக் குடும்பத்திலும் அடங்காமல் தனித்து நின்றது. பின்னாளில் அதனை ஒத்த உயிர்கள் பல இடங்களில் கண்டறியப்பட்டபோது, அவை அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு பெருந்தொகுதியே 2009-இல் அதன் பெயரால் முன்மொழியப்பட்டது. இன்று அத்தொகுதி சினர்ஜிஸ்டோட்டா என்று வழங்கப்படுகிறது. நுண்ணுயிர் உலகின் பெரும்பிரிவு ஒன்று ஓர் ஆட்டின் வயிற்றிலிருந்து தன் பெயரைப் பெற்றது.

1990-களின் நடுவிலிருந்து குயின்ஸ்லாந்து அரசின் வேளாண் துறை, இந்நுண்ணுயிர் அடங்கிய இரைப்பை நீரை நொதிகலத்தில் வளர்த்துப் பண்ணைகளுக்கு வழங்கலாயிற்று. பண்ணையாளர்கள் அதனை வாங்கி மாடுகளுக்கு ஊற்றினர். சவுண்டல் மேய்ச்சல்நிலங்கள் பெருகின.

மறுத்தலும் ஓர் அறம்

இவ்வளவில் இவ்வுரை முடிந்திருந்தால் அது இனிய கதையாக இருந்திருக்கும். ஆராய்ச்சி அவ்விடத்தில் முடியவில்லை. 2000-க்குப் பின் குயின்ஸ்லாந்து மந்தைகளின் சிறுநீரைச் சோதித்தபோது, உறை பெற்றதாகக் கருதப்பட்ட மந்தைகள் பலவற்றிலும் டி.எச்.பி. மிகுதியாகவே வெளிவருவது தெரிந்தது. ஊற்றிய நுண்ணுயிர் வீரியம் இழந்துவிட்டதா, அல்லது மந்தையில் நிலைக்கவில்லையா என்று முதலில் வினவினர்.

பிறகு வேறொரு செய்தியும் கவனத்துக்கு வந்தது. கிழக்கு இந்தோனேசியத் தீவுகளில் சிறு உழவர்கள் தம் மாடுகளைச் சவுண்டலையே முழுத் தீவனமாகக் கொடுத்துக் கொழுக்க வைக்கின்றனர். அம்மாடுகளின் சிறுநீரிலும் டி.எச்.பி. ஏராளம். ஆயினும் அவை நோயுறவில்லை, எடையும் கூடுகின்றன. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஷெல்டனும் அவரது குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். வெளிவரும் டி.எச்.பி.யின் பெரும்பகுதி, கல்லீரலில் வேறொரு பொருளோடு பிணைக்கப்பட்டு, தீங்கு குன்றிய வடிவில் வெளியேறுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். நஞ்சை முறிப்பது இரைப்பைக் குடிகள் மட்டுமல்ல. விலங்கின் கல்லீரலும் அப்பணியைச் செய்கிறது. சவுண்டலுக்குப் படிப்படியாகப் பழகும் விலங்கு சில வாரங்களில் அதற்கு ஈடுகொடுக்கிறது என்பது அவர்களின் முடிவு. மரபணு ஆய்வுகளும், ஜோன்சின் பெயர் தாங்கிய நுண்ணுயிரோ அதன் நெருங்கிய உறவுகளோ பல நாட்டு விலங்குகளில் இயல்பாகவே சிறு அளவில் வாழ்வதைக் காட்டின. 2019-இல் அக்குழுவினர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பும் ஒரு வினாவே: இந்நுண்ணுயிரை மாடுகளுக்கு ஊற்றுவது இன்றியமையாததா? ஊற்ற வேண்டும் என்பாரும் அத்துறையில் உளர். வேண்டா என்பாரும் உளர்.

இதனால் ஜோன்சின் ஆராய்ச்சி பொய்த்துவிட்டதா என்று கேட்கலாம். அவர் கண்ட ஆடுகள் பொய்யல்ல. மாறிய வயிற்றுக் குடியால் நஞ்சு முறிந்ததும் பொய்யல்ல. அந்த நுண்ணுயிர் அந்நஞ்சை உண்டு வாழ்வதும் பொய்யல்ல. அவர் கண்டது மெய். ஆனால் அதுவே முழு மெய் அன்று. அவர் ஒரு வாயிலைத் திறந்தார். அவ்வாயிலின் வழியே சென்றவர்கள் உள்ளே மற்றொரு வாயில் இருப்பதைக் கண்டனர்.

தமிழ் கற்றோருக்கு இது புதிதன்று. திருக்குறளுக்கு உரை கண்ட பழைய ஆசிரியர்கள் பதின்மர் என்பது மரபு. முன்னவர் உரையைப் பின்னவர் ஏற்பதும், விலக்குவதும், திருத்துவதும் அவ்வுரைகளின் உயிர். நன்னூல் வகுக்கும் எழுவகை மதங்களுள் முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். மறுத்தலை நூல்நெறியாகவே ஏற்ற மரபு இது. பரிமேலழகர் ஓரிடத்தில் முன்னோர் உரையை மறுத்தமையால் அம்முன்னோர் சிறுமையுறவில்லை. அவர்கள் உரை கண்டிராவிடின் மறுப்பதற்கும் பொருள் இருந்திராது. அறிவியலிலும் இதே நெறி நிலவுகிறது. வேறுபாடு ஒன்றுண்டு: உரையாசிரியர் சொல்லைச் சான்றாகக் காட்டுவார், கால்நடை அறிவியலார் சிறுநீரையும் குருதியையும் எடையையும் சான்றாகக் காட்டுவார்.

வரப்போரத்து மரம்

இந்த ஆராய்ச்சியிலிருந்து தமிழகத்துச் சிற்றூர் வரை வந்து சேரும் செய்தி ஒன்று உண்டு. ஆடு வளர்ப்பில் வாழும் குடும்பத்துக்குச் சவுண்டல் காசில்லாமல் கிடைக்கும் புரதம். அதனை நஞ்சென்று அஞ்சி வெட்டி எறிவதும் தவறு. அமுதமென்று நம்பி ஒரே நாளில் தொட்டி நிறையக் கொட்டுவதும் தவறு. பிற தீவனத்தோடு கலந்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்பது கால்நடைத் துறையினர் பொதுவாகக் கூறும் அறிவுரை. வயிற்றுக் குடிகளுக்கும் கல்லீரலுக்கும் பழகக் காலம் வேண்டும் என்பதே அந்த அறிவுரையின் உட்பொருள். முயலுக்கும் குதிரைக்கும் பன்றிக்கும் அசைபோடும் முதல் இரைப்பை இல்லை என்பதையும், ஆட்டுக்கு ஆவது அவற்றுக்கு ஆகாது என்பதையும் மறத்தலாகாது. விதை உதிர்ந்த இடமெல்லாம் முளைத்துப் பிற செடிகளை நெருக்கும் இயல்பும் அம்மரத்துக்கு உண்டு. உலகின் மிகக் கேடான நூறு படையெடுப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே காய்த்து முற்றுமுன் கிளைகழித்துத் தீவனமாக்குவது ஆட்டுக்கும் நன்று, நிலத்துக்கும் நன்று.

இவையெல்லாம் பயன்பற்றிய செய்திகள். பயனுக்கும் அப்பால் இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. நோயுற்றதைச் சுற்றியே அறிவு கூடுகிறது; நலமாக இருப்பதை எவரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பயிர் பட்டுப்போன வயலுக்கு வல்லுநர் வருவர். அதே வெயிலில் பட்டுப்போகாத பக்கத்து வயலை எவரும் வினவுவதில்லை. தேர்வில் தவறிய மாணவன் ஏன் தவறினான் என்று கேட்கும் பள்ளி, அதே வறுமையில் தேறிய மாணவன் எவ்வாறு தேறினான் என்று கேட்பதில்லை. ஹவாய் ஆடு பல தலைமுறைகளாக அந்த இலையைத் தின்றுகொண்டே இருந்தது. விடை அதன் வயிற்றிலேயே இருந்தது. அதன் நலத்தைக் கண்டு வியந்து, காரணம் வினவும் ஒருவர் வரும்வரை அவ்விடை காத்திருந்தது.

வினவியவர் ஜோன்ஸ். அவர் கண்ட விடையைப் பின்வந்தோர் மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மென்று கொண்டிருக்கின்றனர். அசைபோடுதல் என்னும் சொல்லுக்கு இரு பொருளையும் வழங்கிய தமிழுக்கு, இவ்வாராய்ச்சியின் இயல்பை வேறு சொல் தேடி விளக்க வேண்டுவதில்லை.